சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு

தூக்கியவர்களில் ஒருவரின் கால் இடித்து, நடையில் இருந்த பாட்டில் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. பாடை ஒரு சாண் தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. "சம்பால்கே, பையா!" என்று கீழ்ப்படியிலிருந்து யாரோ இந்தியில் பார்த்து வரச் சொல்லிக் கத்தினார்கள்.

போகும்போதும் வழியை அடைத்துக்கொண்டுதான் போகிறார் என்று அம்புஜம் நினைத்தாள். நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்திய கணவனைத் தூக்கிப் போகிறார்கள், நினைக்கிற நினைப்பைப் பார். ஆனால் அதுதான் தோன்றியது. நடையில் இன்னும் பதினோரு பாட்டில்கள் சுவரோரமாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: போட்டது, எடுப்பது.

ராஜசேகரன் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், பார்க்கில் நடப்பார்கள். இவர் கடைகளில் விற்கும் ஃபினாயில் எல்லாம் விஷம் என்று செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாளே பையை எடுத்துக்கொண்டு ஜூஸ் வண்டிக்குப் போனார். "பையா, மொசம்பி கா சில்கா மத் ஃபேங்க்னா" என்று, சாத்துக்குடித் தோலை எறிந்துவிடாதே என்று பல்லைக் காட்டிக் கேட்டு, ஜனக்புரி மெட்ரோ வாசலில், கண்டவர்கள் பிழிந்து போட்ட தோலைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்கும் லிக்விட். தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். ஃபைல் பார்த்த மனுஷருக்குப் பார்க்க வேறு ஃபைல் கிடைத்துவிட்டது.

முதல் தடவை அதை ஊற்றித் துடைத்தபோது தரையில் ஒரு கறையும் போகவில்லை. புளித்த வாடை மட்டும் நாலு நாள் இருந்தது. அம்புஜம் சண்டை போடவில்லை. அவர் வெளியே போன நேரம் பார்த்து அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். கடையில் விற்கும் மல்லிகை வாசனை லிக்விடை அதே பாட்டிலில் ஊற்றி வைத்தாள். வேலைக்கு வரும் பொன்னியிடம், "ஐயாகிட்ட மூச்சு விடாதே, தீர்ந்தா நீயே வாங்கி ஊத்திடு" என்றாள். அன்று சாயங்காலம் அவர் வெறுங்காலோடு ஹாலில் நடந்து பார்த்துவிட்டு, "பாத்தியா அம்பு, தோலோட சக்தியை?" என்றார்.

அந்த நடையை அவள் லிஃப்டில் நடித்துக் காட்டாத நாள் கிடையாது. எதிர் வீட்டு மல்ஹோத்ரா அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆறு வருஷமாக மாடிக்கு மாடி இதுதான் சிரிப்பு. அதே மல்ஹோத்ரா இப்போது ஹாலில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ராஜசேகரன்ஜி எத்தனை நல்ல லிக்விட் கொடுப்பார்" என்று இந்தியில் அழுதாள். அவர் கொடுத்ததை எல்லாம் செடிக்குக்கூட ஊற்றாமல் குப்பையில் போட்டவள். அம்புஜத்துக்கு அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தன்னைப் பற்றியும் கொஞ்சம் அப்படி இருந்தது, அதை ஒதுக்கித் தள்ளினாள்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் நாத்தனார் மேகலா எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். ராஜசேகரனின் ஒரே தங்கை, நொய்டாவிலிருந்து வந்திருந்தாள்.

"அண்ணி, ஆம்பளைங்க திரும்பறதுக்குள்ள வீட்டைக் கழுவி விட்டுடணும். ஃபினாயில் வேண்டாம். அண்ணன் செஞ்சதாலயே கழுவலாம். எங்க வீட்டுல நான் அதைத்தான் யூஸ் பண்றேன். பாட்டில் பாத்ரூம்லதானே இருக்கு?"

பாத்ரூம் பாட்டிலில் இருப்பது மல்லிகை. மூடியைத் திறந்தால் மேகலாவுக்குத் தெரிந்துவிடும். அண்ணனை ஆறு வருஷம் கோமாளி ஆக்கியது, அவர் சிதை எரிகிற நேரத்தில், இத்தனை பேர் நடுவில் அம்பலமாகும்.

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்று பாத்ரூமுக்குள் போனாள். பொன்னி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்புஜம் கதவைச் சாத்தினாள்.

"பொன்னி, அந்தக் கடை டப்பாவை எங்க வெச்சிருக்கே? ஜல்தி எடு, ஒளிச்சு வை. இந்த பாட்டிலையும் கொட்டிடு."

"டப்பா எங்கிட்ட இல்லம்மா. ஐயா பீரோவுல இருக்கும்."

"அவர் பீரோவுலயா?"

பொன்னி குழாயை மூடினாள். "நான் மொத வருசம்தாம்மா வாங்கியாந்தேன். அப்பறம் ஐயாதான் வாங்கியாந்து ஊத்துவாரு. அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"மோந்து பாத்திருக்காரு. 'சாத்துக்குடித் தோல்ல எப்படி பொன்னி மல்லிப்பூ வாசம் வரும்?'னு எங்கிட்ட கேட்டாரு. நான் பயந்து போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஐயா கோவிக்கல."

"என்ன சொன்னார்?"

பொன்னி தயங்கினாள். "அம்மா லிஃப்ட்ல சிரிக்கிறது மாடி வரைக்கும் கேக்குதாம். 'வீட்டுக்குள்ள அவ சிரிச்சு எத்தினி வருசமாச்சு, சிரிச்சுட்டுப் போறா'ன்னாரு."

வாளி நிரம்பித் ததும்பி நின்றது. அவர் வெறுங்காலோடு ஹாலில் நடந்து, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தது அம்புஜத்துக்கு நினைவு வந்தது. ஒரு நாள் அல்ல, ஐந்து வருஷம், வாராவாரம். தரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்திருக்கிறார். பாவி, தெரிந்துகொண்டே நடந்திருக்கிறார். அவளுக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை.

"அண்ணி, கிடைச்சுதா?" என்று மேகலா வெளியிலிருந்து கேட்டாள்.

அம்புஜம் கதவைத் திறந்து நேராக நடைக்குப் போனாள். சுவரில் முட்டிக் கிடந்த பாட்டிலை எடுத்தாள். போட்டது செப்டம்பர் 2, எடுப்பது டிசம்பர் 2. இன்று செப்டம்பர் பதினான்கு. நேற்று சாயங்காலம் சோபாவில் சாய்ந்தவர், அதன் பிறகு மூடி திறக்க எழுந்திருக்கவில்லை. பாட்டில் வயிறு உப்பிக் கிடந்தது. திருகியதும் புஸ்ஸென்று சீறி, வெல்லத் தண்ணீர் அவள் கையில் வழிந்தது.

"இது இன்னும் ஆகலையேம்மா" என்றாள் பொன்னி.

"ஊத்து."

ஹால் முழுவதும், தலைமாட்டு விளக்கு இருந்த இடம் வரைக்கும் ஊற்றித் துடைத்தார்கள். அம்புஜம் தானே குனிந்து துடைத்தாள். மீதிப் பதினோரு பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விட்டு மூடினாள். மல்ஹோத்ரா அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிப் போனாள்.

நான்கு மணிக்கு மகன் குணா நிகம்போத் காட் சுடுகாட்டிலிருந்து மற்றவர்களோடு திரும்பி வந்தான். வாசலில் கால் கழுவிக்கொண்டு ஈரக்காலோடு உள்ளே வந்தவன் நடு ஹாலில் நின்றுவிட்டான். எடுத்து வைத்த பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, ஃப்ளோர் எல்லாம் சிப்சிப்பா இருக்கு? சரியா க்ளீன் பண்ணலையா?"

"அப்பா செஞ்சதுதான்" என்றாள் அம்புஜம்.

பால்கனிக் கதவடியிலிருந்து எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பொன்னி துடைப்பத்தை எடுத்தாள். அம்புஜம் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வீட்டுச் செருப்பைக் கழற்றிப்போட்டு, ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வெறுங்காலோடு ஒரு தடவை நடந்தாள்.