கிளிப்பச்சைத் துணியின் கோணல்

துணி தைப்பவள் துணியைத் தின்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சாட்சி எதுவும் தேவையில்லை. ஜோதிமணி தையல் மிஷின் வாங்கிய மூன்றாம் மாதமே அந்தப் பேச்சு அவள் மேல் வந்து உட்கார்ந்தது. அதையும் சொந்த நாத்தனார்தான் கிளப்பிவிட்டாள்.

ஹெப்பாள் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு போய்க்கொண்டிருந்தவள், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றுவிட்டு, அக்ரஹாரத்து வாடகை வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். கணவனின் அக்கா, அவள் நங்கையா என்று கூப்பிடும் சுந்தராம்பாள்தான் முதல் பெரிய வேலையைக் கொடுத்தாள். தன் மகள் சௌம்யாவின் கல்யாணத்தில் சீர்த்தட்டுக்கு முன்னால் நடக்கும் நான்கு சிறுமிகளுக்கு ஒரே நிறத்தில் பாவாடை. கிளிப்பச்சைப் பருத்தித் துணி. அவர்கள் வழக்கப்படி துணியை மொத்தமாக வாங்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வெட்டி வாங்கி, தட்டில் வைத்துச் சாமி கும்பிட்ட பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் நான்கு துண்டுகள் வந்தன.

மேசையில் விரித்துப் பார்த்தால் நான்குமே கோணல். கரையோடு கரை சேர்த்து மடித்தால் ஒரு முனை நான்கு விரல் ஏறியும் மறுமுனை இறங்கியும் கிடந்தது. கோணலை வெட்டி நேராக்கியதும் ஒவ்வொரு பாவாடைக்கும் உயரம் குறைந்தது. ஜோதிமணி நான்காவது துண்டைப் பட்டையாக வெட்டி மற்ற மூன்றுக்கும் இடுப்பிலும் அடியிலும் கொடுத்தாள். கேட்காமல் வெட்டியது அவள் செய்த தப்பு.

“நாலு துண்டு குடுத்தேன், மூணு பாவாடை வந்துது” என்று சுந்தராம்பாள் சொந்தக்காரர்கள் இருக்கும் ஹனூர் வரைக்கும் போனில் சொல்லிவிட்டாள். வெட்டி எடுத்த முக்கோணத் துணுக்குகளை ஜோதிமணி காட்டியபோது, “கத்திரி உங்கையில இருக்குது. முக்கோணமா வெட்டறதுக்கு யாரு சொல்லிக் குடுக்கோணும்?” என்றாள்.

நான்காவது பாவாடைக்குத் துணி எடுக்க இப்போது இருவரும் முதலில் வாங்கிய அதே கடைக்கு வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பாவாடை வராவிட்டால் ஜோதிமணிக்குச் சொந்தத்தில் இனி யாரும் ஒரு ரவிக்கைகூடத் தைக்கக் கொடுக்கப்போவதில்லை. திரும்ப ஹெப்பாள் பஸ்தான்.

கல்லாவுக்கு எதிரில் துணி வெட்டும் தொட்டையன் நின்றிருந்தார். கொள்ளேகால் பக்கத்துக்காரர். இவர்கள் பேசுவதைக் கேட்டதும் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு மாறினார்.

“வாங்கக்கா. அந்தப் பச்சையா? ரெண்டு மீட்டர் சொச்சந்தான் கெடக்குது. அதுலயும் ஒருத்தருக்கு ஒரு மீட்டர் எடுத்து வெக்கச் சொல்லியிருக்காங்க ஓனரு.”

“மிச்சம் போதும்” என்றாள் ஜோதிமணி. “அளக்கறப்ப இழுக்காதீங்கண்ணா. மேசைல சும்மா போட்டு அளங்க.”

“இழுத்தா ரெண்டு வெரல் கூடத்தான வரும்?”

“இழுத்தா துணி வளருமா? வீட்டுக்குப் போனா சுருங்கிக்கும்.”

தொட்டையன் சிரித்துக்கொண்டே விரித்தார். துணியின் வெளி முனை சாய்ந்திருந்தது. ஜோதிமணி இரண்டு கரைகளையும் சேர்த்துப் பிடித்தாள். அதே நான்கு விரல். அதை நேராக்கிக் கழித்தால், பாவாடைக்கு வேண்டிய அளவு சரியாக இருந்தது. அடுத்த வெட்டும் கோணினால் பாவாடை வராது.

“ஆய்த்து, சரி, கிழிச்சே குடுத்துடறேன். கிழிச்சா கோடு போட்ட மாதிரி நேரா வரும்” என்று அவர் கரையில் கத்திரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இரு பக்கமும் விரல்களைக் கொடுத்தார்.

சுந்தராம்பாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“கல்யாணத் துணிய்யா! கிழிக்கறதுக்கு இதென்ன எழவு வூடா?”

“அதே பேச்சு” என்றார் தொட்டையன், அலுப்பாக. “போன வாட்டியும் இப்படித்தான் கையப் புடிச்சீங்க. கிழிக்காத, கத்திரியில வெட்டுன்னீங்க. அன்னிக்கு இருந்த கூட்டத்துல கண்ணால பாத்து வெட்டுனேன். நாலு துண்டும் கோணுச்சு. கோணும்னு சொன்னேனா இல்லியா? பரவால்ல, தெக்கறவ பாத்துக்குவான்னீங்க.”

சுந்தராம்பாள் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள்.

ஜோதிமணிக்கு இப்போது விளங்கியது. ஹனூர் வரைக்கும் போன பேச்சு இந்த மேசையிலிருந்து கிளம்பியிருக்கிறது. கத்தலாம். கத்தினால் கல்யாண வீட்டில் வாயாடி என்ற பேரும் சேரும். அவள் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள்.

“கிழிக்கவும் வேண்டாம், குத்துமதிப்பா வெட்டவும் வேண்டாம். நூல் இழுத்து வெட்டலாம். நான் இழுக்கறேன்.”

கரை வெட்டுப்பட்ட இடத்தில் ஊசி முனையால் குறுக்கு நூல் ஒன்றைக் கிளப்பி, மெல்ல இழுத்தாள். துணி சுருங்கிச் சுருங்கி வழிவிட்டது. நூல் போன தடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. பாதியில் நூல் அறுந்தது. தொட்டையன் குனிந்து அறுந்த முனையைத் தேடித் தந்தார். வாடிக்கையாளர் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கல்லாவிலிருந்து ஓனர் “ஏனாய்த்து? என்ன ஆச்சு?” என்று இரண்டு முறை கேட்டார்.

கோட்டின் மேலேயே கத்திரி போனது. மடித்துப் பார்த்தாள். முனையோடு முனை பொருந்தியது.

வெளியே வந்ததும் சுந்தராம்பாள் துணிப் பையை வாங்கக் கை நீட்டினாள். “குடு, சாமிக்கு வெச்சுட்டு நாளைக்குக் குடுத்தனுப்பறேன்.”

ஜோதிமணி பையைக் கொடுக்கவில்லை.

“நங்கையா, நான் துணி எடுத்துக்கிட்டேன்னு யார் யாருகிட்டச் சொன்னீங்களோ, அவங்ககிட்டயெல்லாம் நீங்களே இல்லன்னு சொல்லிப்போடுங்க. அப்பறந்தான் மிஷின்ல உக்காருவேன்.”

“அட, ரோட்டுல வெச்சுப் பேசற பேச்சாடி இது?”

“போன்ல பேசுங்க. நான் நிக்கறேன்.”

ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனது. ஜோதிமணி நகரவில்லை. சுந்தராம்பாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மகளுக்குப் போன் போட்டாள்.

“சௌம்யா, அந்தப் பாவாடைத் துணி இருக்குதில்ல... கடக்காரன் கோணலா வெட்டிப்போட்டானாம். அதுதான் பத்தல.”

ஜோதிமணி அவள் முகத்தையே பார்த்தாள்.

“...நாந்தான் கிழிக்க வேண்டாம்னுட்டேன். ஆமா, நாந்தான். உங்க அத்த மேல தப்பில்ல. நீயே ஹனூருக்குப் பேசிச் சொல்லிப்போடு.”

“ஹனூருக்கு நீங்கதான் பேசோணும்” என்றாள் ஜோதிமணி.

சுந்தராம்பாள் போனை இறக்கி அவளை முறைத்தாள். பிறகு ஹனூர் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். தேடி முடிக்கும் வரை ஜோதிமணி பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றாள்.