வெங்காயத்தாள் வயலில் வேலை முடியாத அலுவலகம்

தொகுஜியின் வெங்காயத்தாள் வயலுக்கடியில் இருந்த வட்டார அலுவலகத்தின் ஊழியர்கள், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அகாகி மலையிலிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கிய மாதத்தில் அகழாய்வுக்காரர்கள் வயலைத் தோண்டினார்கள். கட்டடம் எதுவும் கிடைக்கவில்லை. வரிசை வரிசையாகத் தூண் நட்ட குழிகள், அவற்றில் புது மையின் வாசனை, ஆள் தெரியாத இருமல், அவ்வளவுதான். சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவிவிட்டுப் புறப்பட்டவர்களுக்கு வாசல் தூண் நின்ற குழிகளைத் தாண்டிக் கால் வரவில்லை.

"மேலதிகாரி எழுந்திரிக்காம நாம எப்படிங்க கிளம்புறது?" என்றார் குழுத்தலைவர் இவாபுச்சி. மேலதிகாரிக்கு முன்னால் யாரும் கிளம்பாத அந்த நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து அதிகாரி யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார், நாற்காலி காலி. யாராவது அங்கே உட்கார்ந்து எழுந்தால் போதும் என்று தொகுஜியைக் கெஞ்சினார்கள்.

தொகுஜி நகராட்சியில் தலைநரைக்கும்வரை குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு பிரிவுக்குக்கூடத் தலைவரானதில்லை. அந்த வருத்தம் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அதிகாரியின் இருக்கை இருந்த வடக்குக் கோடியில் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பட்டாடைகள் சரசரவென்று குனிந்தன. அப்புறம் அவர் எழுந்திருப்பாரா? மறுநாளும் உட்கார்ந்திருந்தார். அகழாய்வுக்காரர்கள் பச்சை வெங்காயத்தாளைக் கடித்துக்கொண்டு வீட்டை நினைத்து அழுதார்கள்.

அவர் மனைவி சவாயே வரப்பில் வந்து நின்றாள். "ஏங்க, பெரிய துரை! புள்ளகுட்டிக்காரங்கள அழவிட்டுட்டு அப்படியென்ன கொலு?"

தொகுஜிக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்தார். ஆனால் பழக்கதோஷம், வாய் குமாஸ்தாவாகவே பேசியது: "உங்களுக்கு முன்னாடி கிளம்புறேன், மன்னிக்கணும்."

அதிகாரி சிப்பந்திகளிடம் மன்னிப்புக் கேட்பதா! அலுவலகமே பதறி இன்னும் தாழக் குனிந்தது. வெங்காயத்தாள்கள் தரையைத் தொட்டன. மரியாதைக்கு அவரும் குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்து அவர்கள் மறுபடியும். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் பொழுது சாய்ந்தது. தொகுஜியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி இப்படியே சாகவேண்டியதுதான் என்று நிஜமாகவே பயந்தார்.

"போதும்யா குனிஞ்சது!" என்று சவாயே கத்தினாள். "மிசோ சூப்பு ஆறுது. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்கு நடையக் கட்டுங்க!"

உடனே நூறு செருப்புகளின் சத்தம் வாசல் குழிகள் வழியாகத் தெற்கே ஓடியது. பின்னாலேயே இவாபுச்சியும் ஆட்களும் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால், இடுப்பைப் பிடித்தபடி, தொகுஜி.

மறுநாள் காலையில் இருமல்கள் திரும்பி வந்துவிட்டன. அலுவலகம் என்றால் வேலைநாள் உண்டே. அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்கிறபோது சவாயே சமையல் துணியோடு வரப்பில் வந்து நின்று அனுப்பிவைக்கிறாள். குழிகளுக்கு நடுவே வெங்காயத்தாள் நட்டிருக்கிறார்கள். நன்றாகவே விளைகிறது, கொஞ்சம் குனிந்தாற்போல. இவாபுச்சி வைத்த பலகையில் 'தற்போதைய அதிகாரி: சவாயே' என்று இருக்கிறது. பதவி போனதில் வருத்தமா என்று கேட்டவர்களிடம் தொகுஜி சொன்னார்:

"எனக்கென்ன புதுசா? வீட்டுல கல்யாணம் ஆன நாள்லேருந்து அவதானே மேலதிகாரி. வயலுக்கு இப்பத்தான் உத்தரவு வந்திருக்கு."