துடுப்பு இல்லாத இருபதாவது ஆள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மச்சினன் விளையாட்டுத் துறையில் திட்ட அதிகாரி. வட்டாரத்தின் துடுப்புப் படகுக் கழகங்களை வளர்க்க ஐந்தாண்டுத் திட்டம் போட்டிருக்கிறான். இன்று மாலை வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அடுத்தவர் தப்பு என்றதும் பேனாவைத் தேடினேன். எழுத்தாளன் புத்தி.

2

"பனி விலகாத காலையில் நான்கு பேர் எதிர்க்கரையைப் பார்த்தபடி துடுப்புப் போட்டு..."

(எழுதிய இந்த வரியை அடித்துவிட்டேன். "போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவாங்க மாமா" என்று மச்சினன் சிரித்தான்.)

சரி, முதுகைக் காட்டியே போகட்டும். ஐந்தாவது ஆள் மட்டும் முன்னால் பார்த்து, சுக்கான் பிடித்து, "இடது! மெல்ல!" என்று குரல் கொடுப்பார். கால்வாய்க் கழகம் என்று ஒரு சின்னக் கழகம்; அங்கே அந்த ஐந்தாவது ஆள் ஒரு தையல்காரம்மா.

3

மச்சினன் தயாரித்த படிவத்தில் ஒரு கேள்வி: துடுப்புப் போடுபவர்கள் எத்தனை பேர்? இருபதுக்குக் குறைந்தால் கழகத்தை மூடி, படகுகளை நகரத்துப் பெரிய கழகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கால்வாய்க் கழகத்தின் செயலாளர், தொழிலால் முடிதிருத்துபவர், பத்தொன்பது என்று எழுதியிருந்தார். மச்சினன் நேரிலேயே போனான்.

"அந்தம்மாவையும் சேத்து இருபதுன்னு போட வேண்டியதுதானே?"

"அவங்க துடுப்பு போடறதில்லையே சார். பொய் எப்படி எழுதறது?"

"அட, நாளைக்கு ஒரு நாள் நானும் துடுப்பு பிடிச்சுட்டாப் போச்சு" என்றார் தையல்காரம்மா.

"அப்போ முன்னாடி யாரு பாக்கறது? உங்களுக்குக் காய்ச்சல் வந்தன்னைக்கு நேரா போய்ப் பாலத்துல முட்டினோமே, போதாதா?" என்றார் செயலாளர்.

அங்கேதான் மச்சினனுக்கு உறைத்தது: முன்னால் பார்ப்பவரைக் கணக்கில் சேர்க்கப் படிவத்தில் இடமே இல்லை. படிவம் போட்ட அலுவலகத்தில் ஒருவர்கூடப் படகில் ஏறியதில்லை. (இவன் உட்பட. இந்த வரியை எடுக்கச் சொல்கிறான். மாட்டேன்.)

4

துறை இயக்குநர் கையெழுத்துப் போட்டாயிற்று. மூட வேண்டிய கழகங்களின் பட்டியலோடு திட்டம் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இப்போதே அவருக்குப் போன் செய்து தப்பை ஒப்புக்கொண்டால் கழகம் பிழைக்கும். இவன் பெயர் கெடும்.

முடிவு அ: செயலாளர் இருபது என்று திருத்திவிடுகிறார். (வேண்டாம். என் வசதிக்காக ஒரு நேர்மையான மனிதரைக் கெடுக்கக் கூடாது.)

முடிவு ஆ: புதிதாக ஒருவர் துடுப்புப் போடச் சேருகிறார். (அழகுதான். ஆனால் தையல்காரம்மா அப்போதும் கணக்கில் இல்லை.)

முடிவு இ: மச்சினன் போனை எடுத்து...

"இயக்குநர் கத்துவாரு மாமா."

"கத்தட்டும். கொஞ்ச நேரத்துல அவருக்கே தொண்டை வலிக்கும்."

விட்டுப்போன ஒருவரைச் சேர்த்துக்கொள்வது சின்னக் காரியம். கடவுள் பெரும்பாலும் இந்த அளவுக் காரியங்களைத்தான் நம்மிடம் கேட்கிறார் என்று நம்புகிறவன் நான். அதை இவனிடம் சொல்லவில்லை. எழுதிய தாள்களை மட்டும் நீட்டினேன்.

படித்துக்கொண்டிருக்கிறான். முதலில் சிரித்தான். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

மூன்றாவது முடிவை நான் எழுதப் போவதில்லை. நீங்களும் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.