தாமுல் காட்

சியாமளாவுக்குப் பாம்புக் காது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் என்ன தாளித்தார்கள் என்பதைக்கூடச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கடைசியில் அந்தக் காதுதான் அவளைக் கவிழ்த்தது.

பக்கத்து வீட்டு நிருபமா தீதி அசாம்காரர். நமக்குச் சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்கு பிஹு. முதல் நாள் மாட்டுக்கு, மறுநாள் மனிதருக்கு. மாட்டைக் குளிப்பாட்டிச் சுரைக்காயும் கத்தரிக்காயும் ஊட்ட வேண்டுமாம். டில்லியில் மாட்டுக்கு எங்கே போவது? மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பை மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்றைத் தேடிப்பிடித்து ஊட்டினார் நிருபமா. பசு கத்தரிக்காயைத் தின்றது, சுரைக்காயைத் துப்பியது. ஒட்டிக்கொண்டே போன சியாமளா கேட்டுத் துளைத்துவிட்டாள். ஏன் சுரைக்காய்? துப்பினால் குற்றமில்லையா? பெரியவர்களுக்குச் சிவப்புக் கரை போட்ட துண்டை ஏன் கொடுக்கிறீர்கள்? பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படி விசாரிக்க மாட்டார்கள். நிருபமா முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

சியாமளாவின் மகள் தமிழ்ச்செல்வி ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் எல்லோருக்கும் 'தமிழ்'. நிருபமாவுக்கு மட்டும் அந்தப் பெயர் வாயில் நுழையாது, 'மாஜனி' என்று செல்லமாகக் கூப்பிடுவார். மறுநாள் சாயங்காலம் காலனிப் பார்க்கில் பிஹு நடனம். ஒரு மாதமாக நிருபமாவிடம் ஆடப் பழகியவர்களில் இவள் ஒருத்திதான் அசாம் பெண் இல்லை.

"ஸ்டெப் தப்பாச்சுன்னா என்னைத் தூக்கிடுவாங்களாம்மா?" என்று தினமும் கேட்டாள். அன்று இரவு, நிருபமா இரவல் கொடுத்த மேகலா சாதரை, அசாம் பெண்கள் புடவை மாதிரி உடுத்தும் இரட்டைத் துணியை, இஸ்திரி போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

விடிந்ததும் சியாமளா பால்கனியில் துணி உலர்த்தப் போனாள். பக்கத்துச் சமையலறையில் நிருபமா தன் கணவரிடம் ஏதோ அசாமியில் சொன்னார். அதில் இரண்டே வார்த்தைதான் காதில் விழுந்தது.

"தாமுல் காட்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், இன்னும் அழுத்தமாக, "தாமுல் காட்."

சியாமளாவுக்கு அசாமி தெரியாது. ஆனால் 'காட்' என்றால் இந்தியில் வெட்டு என்பது டில்லியில் யாருக்குத்தான் தெரியாது? தாமுல் யார் என்று வேறு கேட்க வேண்டுமா? தமிழ்தான் அவர் வாயில் தாமுல் ஆகியிருக்கிறாள். நேரில் மாஜனி, முதுகுக்குப் பின்னால் தாமுல். குழந்தையை நடனத்திலிருந்து கழற்றிவிடப் பார்க்கிறார்கள். துணியைப் பாதியில் போட்டுவிட்டு உள்ளே வந்து கொட்டித் தீர்த்தாள்.

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசு," என்றார் கணவர் மாசிலாமணி.

"இன்னும் கேக்கறதுக்கு என்ன இருக்கு? என் காதால கேட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் போனாள். மேகலா சாதரைக் கொண்டுபோய் நிருபமாவின் கையில் திணித்தாள். "நீங்க ஒண்ணும் வெட்ட வேண்டாம் தீதி. எம்பொண்ணே வரமாட்டா," என்று இந்தியில் பொரிந்து தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் தமிழ் அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். மத்தியானம்தான் வாய் திறந்தாள். "அப்படி என்னம்மா சொன்னாங்க?"

"தாமுல் காட்னாங்க. உன்னைத்தான்."

தமிழ் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா, தாமுல்னா பாக்கு. பிஹுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கப் பாக்கு வெட்டச் சொல்லியிருக்காங்க."

பாக்கு. நம் தாம்பூலம்தான் அவர்கள் ஊரில் தாமுல் ஆகியிருக்கிறது. சியாமளாவுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

"இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி போவேன்?"

"தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, அவங்க முன்னாடி முட்டி போடும்மா. அவங்க ஊர்ல மன்னிப்பு அப்படித்தான் கேப்பாங்க. நாங்க டான்ஸ்ல சண்டை போட்டா தீதி அதத்தான் செய்ய வெப்பாங்க. ஜல்தி போம்மா, அஞ்சு மணிக்கு மேக்கப்."

வருஷப் பிறப்புக்கு வாங்கிய வெற்றிலையில் மிச்சம் இருந்தது. கொட்டைப் பாக்கும் இருந்தது. நிருபமா கதவைத் திறந்ததும் சியாமளா தட்டை அவர் காலடியில் வைத்து வாசலிலேயே மண்டியிட்டாள். தாமுலுக்கும் தமிழுக்கும் நடந்த குழப்பத்தைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

நிருபமா சிரிக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். உள்ளே போய் மேகலா சாதரைக் கொண்டுவந்து, அம்மாவின் பின்னாலேயே வந்து நின்ற தமிழின் தோளில் போட்டார். பிறகு சியாமளாவைக் கைப்பிடித்து எழுப்பிச் சமையலறையில் உட்கார வைத்து, ஒரு கூடைப் பாக்கையும் கத்தியையும் முன்னால் தள்ளினார்.

"தாமுல் காட்," என்றார்.

சியாமளா வெட்டினாள். பாக்கு ஈரமாக, பச்சை வாடையோடு இருந்தது. வாயை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"தீதி, உங்க பாக்கு ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

நிருபமா அப்போதுதான் சிரித்தார். "அப்பாடா, கேட்டுட்டியா? காலையில நீ ஒண்ணுமே கேக்காமப் போனப்பதான் எனக்குப் பயமா இருந்தது."