குளியலறைக்குப் பளபளப்பு டைல்ஸ்

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே பூஜிதா அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டாள். அவிநாசிக்கு வெளியே அவர்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வாசலில், முன்சுவரில் ஒட்டுகிற அலங்காரக் கல் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. அவளும் நவநீத்தும் போட்ட கணக்கிலேயே இல்லாத பொருள்.

டைல்ஸுக்கு இவ்வளவுதான் என்று புருசனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசியபோது, முதலில் ஒதுக்கியது குளியலறைக்குத்தான். ஹாலுக்கு மட்டமானதாகப் போட்டாலும் சரி, குளியலறைக்குச் சொரசொரப்பு டைல்ஸ்தான் என்று அவன் தன் வாயாலேயே சொன்னான். சொல்லாமல் என்ன செய்வான்? ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவள் தொடையில் கம்பி வைத்தபோது பக்கத்தில் நின்றவன் அவன்தானே. இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. வாடகை வீட்டில் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவள் குளிப்பதும் அவனுக்குத் தெரியும்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். தரை பளபளவென்று மின்னியது. ஹாலில் மிஞ்சிய வழுவழுப்பு டைல்ஸ். டைல்ஸ் ஒட்டுகிற மாசாணம் கதவோரம் குந்தி, கடைசி டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"இத யாருங்கண்ணா போடச் சொன்னது?"

"சார்தானுங்க அம்மணி. ஹால்ல மிஞ்சுனதையே இங்க போட்டுருங்கன்னாரு. நமக்கென்னங்க, சொன்னதப் போடறோம்."

நவநீத் பின்னாலேயே வந்து நின்றான். "பூஜி, நாஞ் சொல்றதக் கேளு. பெரியப்பா வந்து பாத்துப்போட்டு, செவுரு மொட்டையா நிக்குது, ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கோணும்னாரு. பாத்ரூம யாரு பாக்கப் போறா? இதுல மிச்சம் புடிச்சு அதுல போட்டுட்டேன்."

"நான் வழுக்கி விழுந்தா, ரோட்டுல போறவனா வந்து தூக்குவான்?"

"ரப்பர் மேட்டு ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது."

"அத உங்க பெரியப்பனுக்குக் குடுங்க. செவுத்துல ஒட்டிக்கட்டும், ரோட்டுல போறவன் நின்னே பாப்பான்."

மாசாணம் சிரிப்பை மறைக்கக் குனிந்து கலவையை வழித்தார்.

"ஆளு இருக்குது, கத்தாத பூஜி."

"இருக்கட்டுமுங்க. என்னையக் கேக்காமச் செய்யறப்ப ஆளு இல்லீங்களா?"

அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறான். தலைவலி என்று இன்றைக்குப் பாதியில் கிளம்பாமல் இருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"மாசாணண்ணா, இப்பப் பேத்தெடுத்தா வருங்களா?"

"ஈரமாத்தான் இருக்குதுங்க, வரும். விடிஞ்சா கல்லாட்டம் புடிச்சுக்கும். ஆனா எங் கூலி ரெண்டாச்சுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன்."

"பேத்தெடுக்கவெல்லாம் வேண்டாங்க," நவநீத் குறுக்கே வந்தான். "நீங்க கெளம்புங்கண்ணா. நாங்க பேசிட்டு நாளைக்குச் சொல்றோம்."

மாசாணம் சுத்தியலைக் கழுவ வெளியே போனார். நாளைக்குப் பேச என்ன இருக்கப்போகிறது? பூஜிதா இடது கையால் கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்தாள். கைத்தடியை முதல் டைல்ஸின் மூலையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அப்படியே அதில் இறக்கினாள். டைல்ஸ் ஒருபக்கம் அமிழ்ந்தது. இடுக்கில் கலவை பிதுங்கி வழிந்தது. அடுத்த டைல்ஸ். அதற்கும் அடுத்தது. எட்டாத டைல்ஸுக்காகக் காலையும் உள்ளே தூக்கி வைக்கப் போனாள்.

"ஏய், வழுக்கும்! விழுந்துருவ!" நவநீத் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தான்.

"இப்ப மட்டும் தெரியுதுங்களா?"

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த மாசாணம் தரையை எட்டிப் பார்த்தார். "லெவல் போச்சுங்க சார். இனி எடுத்துத்தான் ஆகோணும்."

பூஜிதா அவன் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டாள். "கடைக்குப் போன் போடுங்க. வாசல்ல இருக்கற கல்ல ஒரு பெட்டிகூடப் பிரிக்கல, எடுத்துக்கச் சொல்லுங்க. அந்த வண்டியிலயே சொரசொரப்பு டைல்ஸ் வரோணும்."

"பெரியப்பாவுக்கு நான் என்னன்னு சொல்றது? அவரு ஊரெல்லாஞ் சொல்லியிருப்பாரு."

"எனக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சீங்களா? அதையே அவருக்குஞ் சொல்லுங்க."

கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டைக் கைத்தடியால் இழுத்து, குளியலறை வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வண்டி வர வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேனுங்க. போடுங்க போன. ஸ்பீக்கர்ல போடுங்க."