ஐந்தாம் அத்தியாயத்தின் பிப்ரவரி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையதல்ல என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன். யார்க் நகரில் ஆய்வு நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பது என் வேலை. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் வருமே, அது.

முதலில் ‘அன்று மழை’ என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

ஹிலரி த்வெய்ட் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை. பதினேழாம் நூற்றாண்டுக் கவிதைகளையும் அந்தக் காலத்து அரசியலையும் பற்றிய அவருடைய நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவிருந்தது. அதன் உயிர் ஐந்தாம் அத்தியாயம். இங்கிலாந்து மன்னரின் தலை வெட்டப்படுவதற்கு ஓராண்டு முன்பே, கிராமத்துப் பாதிரியார் ஆர்மராட் அதைக் கவிதையில் பாடிவிட்டார் என்பது வாதம். ஆதாரம், கவிதையோடு அவர் அனுப்பிய கடிதம்: பிப்ரவரி 1648. அந்தத் தேதியை ஹிலரி ஒரு பழைய அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்திருந்தார். தேதிகளை எல்லாம் இன்றைய கணக்குக்கு மாற்றிவிட்டதாக அதன் முன்னுரை சொன்னது.

புதன்கிழமை, நூலில் சேர்க்க வந்த மூலக் கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். பாதிரியாரின் கையெழுத்திலேயே 1648 என்று இருந்தது. அப்படியானால் அச்சுப் பதிப்பில் யாரும் எதையும் மாற்றவில்லை. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். அவருடைய பிப்ரவரி 1648 நமக்கு 1649. மன்னர் இறந்தது அதற்கு முந்தைய மாதம்.

தீர்க்கதரிசனம் இல்லை. இரங்கற்பா.

3

சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். அதில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. உண்மையில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“வா கண்ணு. டீ போடட்டா?” என்றார் ஹிலரி.

“முதல்ல இந்தத் தேதியைப் பாருங்க.”

பார்த்தார். இடிந்துபோய் நாற்காலியில் (இல்லை. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்கார்ந்தது நான்.)

“அப்பாடா!” என்றார்.

“என்ன ஹிலரி சொல்றீங்க?”

“கூரை ஒழுகுது, முயல் செத்துப்போச்சுன்னு கடுதாசி போட்ட மனுஷன் அவர். அவரைப் போய் ஞானதிருஷ்டிக்காரர்னு முப்பது வருஷமா ஊர் ஊராப் பேசினேன். எனக்கே நம்பிக்கை வரல. விடவும் முடியல. எனக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதானே!”

“அத்தியாயம் போயிடுமே?”

“போகட்டும்மா. சேதி கேட்டுப் பயந்துபோய் ஒருத்தர் அழுதுக்கிட்டே எழுதினார். அவரை எனக்குப் புரியுது. அதை எழுதுறேன்.”

பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். முணுமுணுத்துவிட்டு மூன்று வாரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரொட்டியில் மார்மலேடு தடவி இருவரும் சாப்பிட்டோம். எனக்குக் காலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை.

4

இங்கே ஒரு வில்லன் வரவேண்டும் என்று டெஸ்மண்ட் ப்ரைஸை வைத்திருந்தேன். மெல்லிய உதடு, ஏளனப் பார்வை எல்லாம் கொடுத்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவர் செய்தது இவ்வளவுதான்: ஹிலரி பேசிய ஒரு கருத்தரங்கில் எழுந்து, “மூலத்தைப் பாத்தீங்களா?” என்று கேட்டார். ஹிலரியோடு ஒரே அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்த தோழர். அன்றிலிருந்து ஹிலரி அவரோடு பேசவில்லை. பத்தொன்பது வருடம்.

“அவன் நம்பர் மாறியிருக்குமோ?” என்று கேட்டபடியே, சாப்பிட்ட கையோடு ஹிலரி எண்களை அழுத்தினார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“டெஸ்மண்ட், நான்தான்டா. நீ...”

நான் கதவைச் சாத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன். டெஸ்மண்ட் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவரை உடனே போனை வைத்துவிடச் செய்யாதீர்கள். ஹிலரி வெளியே வர ஐம்பது நிமிடம் ஆனது.