நான்காம் பெட்டியின் பின்னட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பாள் அம்மா. நுனியில் இல்லை, மூக்கே அதுதான் என்பார் எங்கள் முதலாளி கோபிநாத் சார். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த மூக்கோடுதான் ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

அது ஒரு ப்ளூரே பெட்டியின் அட்டை, அச்சுக்குப் போகும் முன் எடுத்த மாதிரி. 'மூழ்கிய மணிக்கூண்டு' என்று ஒரு ஜப்பானிய அனிமே தொடர். கடலுக்குள் போன ஒரு ராஜ்ஜியம், மந்திர விளக்கு ஏந்திய ஒரு பெண், அவளைத் துரத்தும் ராட்சச விலாங்கு. மொத்தம் இருபத்து நான்கு பகுதிகள். பிரான்சில் லியோன் நகரத்துக் கம்பெனி ஒன்று, பெட்டிக்கு ஆறு பகுதியாக நான்கு பெட்டிகள் போடுகிறது. இந்தக் காலத்தில் டிஸ்க்கை யார் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறவர்கள் வாங்குகிறார்கள். அவர்களுக்கு உள்ளே இருக்கும் படத்தைவிட மேலே இருக்கும் அட்டை முக்கியம். நான்கு பெட்டிகளையும் வரிசையாக நிறுத்தினால் முதுகுப் பக்கங்கள் சேர்ந்து ஒரே விலாங்காக நெளியும். அந்த விலாங்கு முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், ஏசி ஒழுகும் அறையில் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வரைந்தவள் நான்.

ஜப்பானில் வந்த அட்டைகளையே போட்டிருக்கலாம். லியோன்காரர்களுக்குப் புதுசாக வேண்டும் என்று ஆசை. தொடரின் உரிமை வைத்திருக்கிற டோக்கியோ கம்பெனியும் சம்மதித்தது, ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அங்கிருந்து அனுமதி வரவேண்டும். நான்காம் பெட்டிக்கு மட்டும் ஒன்பது முறை திருத்தம். விளக்கின் மஞ்சள் அதிகம். பெண்ணின் காது இரண்டு மில்லிமீட்டர் பெரிது. நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போய்ப் பார்த்து வரைந்த அலையாத்தி வேர் ஒன்று கை மாதிரி தெரிகிறதாம், அதை எடு. எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் மூன்று பெட்டிகளில் எங்கள் கம்பெனி பெயர் மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. மூன்றாவது வந்த பிறகு, இதை வரைந்தது யார் என்று அங்கே ரசிகர்கள் கேட்டுக் குடைந்திருக்கிறார்கள். அதனால் நான்காவதின் பின்னட்டையில் ஓவியரின் பெயர் தனி வரியில் வரும் என்றார்கள். அதை அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற அத்தனை பேரிடமும் அளவு எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள்.

இப்போது அட்டையைத் திருப்பினேன். தனி வரி இருந்தது. 'ஓவியம்: ஏ. சக்கரபாணி.'

சக்கரபாணி என் அப்பா. எனக்கு ஆறு வயதில், அரியாங்குப்பத்தில் தனக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனவர். பாலம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். எஸ். அபி. இங்கே அப்பா ஓர் எழுத்து, நான் பெயர். அந்த அட்டையில் அவர் பெயராகி, நான் ஓர் எழுத்தாகிப் போயிருந்தேன்.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டாம், உடனே விளங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் லியோனிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டம். ஒன்றில் 'நோம்', இன்னொன்றில் 'பிரேநோம்'. எங்கள் மூத்த டிசைனர் புருஷோத்தமன் சாரைக் கேட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், கோபம் வந்தால்கூடப் பிரெஞ்சில்தான் திட்டுவார்.

"நோம்னா அப்பா பேரும்மா. பிரேநோம்னா உம்பேரு. இங்க பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதியிருக்கு" என்றார்.

விழுப்புரத்துக்காரி என்றால் குழம்பிப்போய் நாலு பேரைக் கேட்டிருப்பாள். நாங்கள்தான் பிரெஞ்சு தெரிந்த ஊர்க்காரர்கள் ஆயிற்றே. அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். லியோன் டெம்ப்ளேட்டில் நோம் முழுதாகவும் பிரேநோம் வெறும் முதலெழுத்தாகவும் விழும் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது திருத்தத்திலும் பின்னட்டையில் படம் மட்டும்தான் இருந்தது. எழுத்தைக் கடைசியில் அங்கேதான் ஏற்றினார்கள். அதற்கும் சேர்த்து அன்று காலை டோக்கியோ அனுமதி கொடுத்துவிட்டது.

கோபிநாத் சார் அறைக்குப் போனேன். அவர் கையில் பாதுஷா இருந்தது. அனுமதி வந்த சந்தோஷம்.

"சார், பேர் தப்பா இருக்கு. மாத்தணும்."

பாதுஷா அப்படியே நின்றது. "என்னா வெளையாடுறியா? ஒரு கமா மாத்தினாலும் திரும்ப டோக்கியோ பாக்கணும். அவங்களுக்கு நாளையிலேர்ந்து ஒரு வாரம் லீவு. லியோன்ல இன்னிக்கே அச்சுக்குப் போவுது."

"டோக்கியோ ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"ஆறு. நமக்கு ரெண்டரை." கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. "உங்கப்பா பேருதான அபி? வேற எவன் பேரோ இல்லியே."

வேறு எவன் பேரோ என்றாலும் பரவாயில்லை என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. நான் ஆபீசில் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றைக்கு நின்றபடியே மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அம்மா தையல் மெஷினை மிதித்து மிதித்து என்னை ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் முதலில் வரைந்தது அவள் ஜாக்கெட் வெட்டும் காகிதத்தின் பின்பக்கத்தில். அந்தப் பெட்டி பிரான்சு முழுக்கப் போகப்போகிறது, அதில் அந்த ஆள் பெயர் இருக்கக் கூடாது.

கோபிநாத் சார் பாதுஷாவைத் தட்டில் வைத்துவிட்டு லியோனுக்குப் போன் போட்டார். அங்கே அப்போதுதான் ஒன்பது மணி ஆகப்போகிறது. கிளேர் என்ற பெண்மணி எடுத்தார். கோபிநாத் சார் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கிற அழகே தனி, எதிரில் இருப்பவருக்கு நாம்தான் தப்புச் செய்தோமோ என்று தோன்றிவிடும். ஐந்து நிமிடம் பேசி வைத்தார்.

"அந்த வரிய எடுக்க முடியாதாம், ரசிகருங்களுக்குச் சொல்லிட்டாங்க. புதுப் படிவம் அனுப்பறாங்க. இந்தப் பேர்லதான் என்னைக் குறிப்பிடணும்னு நீ கையெழுத்துப் போடணும். ரெண்டு கட்டமும் நெரப்பணும், ஒண்ணு காலியா இருந்தா சிஸ்டம் எடுக்காது. ரெண்டரைக்குள்ள டோக்கியோ சரின்னு சொன்னா மாத்துவாங்க. இல்லன்னா இருக்கறதுதான் அச்சாவும்."

படிவம் வர அரை மணி நேரம் ஆயிற்று. அதே இரண்டு கட்டம். பிரேநோமில் அபி என்று எழுதிவிட்டு, நோமில் அம்மா பெயரை எழுதலாம் என்று எனக்கு முன்பே தோன்றிவிட்டது. ஆனாலும் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. போன் போட்டேன். மெஷின் சத்தம் கேட்டது. நான் சொல்லச் சொல்ல, அது நின்றது.

"அந்தாளு பேரா போட்டுட்டாங்க?"

"ஆமாம்மா. மாத்தறேன். உம்பேரு போடறேன்."

"எம்பேரு எதுக்குடி?" அம்மா பதறினாள். "அஞ்சலாட்சின்னு அவ்ளோ பெருசா போட்டா, அப்பன் யாருன்னு நாலு பேரு கேப்பான். இத்தினி வருசமா எவன் வாயிலயும் விழாம உன்னைய வளத்துட்டேன். எம்பேரு வாணாம்."

"அப்ப என்னாதான் போடறது?"

"உம்பேரு போடு. நீதான வரைஞ்ச?"

"ரெண்டு கட்டம் இருக்கும்மா!"

"கட்டம் போட்டவனையே கேளு" என்று வைத்துவிட்டாள். கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மணி ஒன்று ஐந்து. படிவத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபிநாத் சார் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புருஷோத்தமன் சார் என் மேசைப் பக்கமே வரவில்லை, தன் இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அட்டையை மறுபடி எடுத்தேன். ஏ. சக்கரபாணி. ஏ என்பது அபி. பிரேநோம் கட்டத்தில் எதை எழுதினாலும் அது முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். நோம் கட்டத்தில் எழுதுவது மட்டும்தான் முழுதாக நிற்கும்.

எதை எழுதினாலும்.

பேனாவை எடுத்தேன். நோம் கட்டத்தில் அபி. பிரேநோம் கட்டத்தில் அஞ்சலாட்சி.

புருஷோத்தமன் சார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "பிரேநோம்ல அம்மா பேரா? இது முறையில்லம்மா."

"உங்க முறைதான் சார் என்னைய இங்க கொண்டாந்து வுட்டுச்சு."

சொன்ன பிறகு சுருக்கென்றது. படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, அவரே ஸ்கேன் செய்து லியோனுக்கு அனுப்பினார். கூடவே பிரெஞ்சில் நாலு வரி எழுதினார். "முந்தைய படிவத்தின் தவறு முழுவதும் என்னுடையது, ஓவியருடையது அல்ல. புருஷோத்தமன்." முப்பது வருடமாக ஒரு கமாவைக்கூடத் தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனுஷன்.

ஒன்று நாற்பதுக்கு கிளேர் அதை டோக்கியோவுக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஒன்று ஐம்பத்தைந்து. இரண்டு. இரண்டே கால். யாரும் சாப்பிடப் போகவில்லை. ஏசியிலிருந்து தண்ணீர் பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் லீவுக்கு மூட்டை கட்டிக் கிளம்பியிருப்பார்கள், ரயிலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பத்தொன்பதுக்கு ஒரு மெயில் வந்தது. அனுமதி இல்லை, கேள்வி. டோக்கியோவின் உரிமைப் பிரிவிலிருந்து ஆங்கிலத்தில். "முதலில் தரப்பட்ட பெயர் வேறு, இப்போதைய பெயர் வேறு. சக்கரபாணி என்பவர் வேறு ஒரு நபரா? ஆம் எனில், இந்த ஓவியத்தில் அவருக்கு ஏதேனும் பங்கு உண்டா? பின்னாளில் அவர் உரிமை கோர வாய்ப்பு உண்டா? உடனே தெரிவிக்கவும்."

வெளியே போகிற மெயில் எல்லாவற்றையும் எழுதுவது கோபிநாத் சார்தான். கீபோர்டில் கை வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீயே எழுது. எனக்கு என்னா தெரியும்?"

உட்கார்ந்தேன். இருபத்தோரு வருடமாக எத்தனையோ பேர் என்னிடம் அவரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அப்பா என்ன பண்றார், எங்கே இருக்கார், வருவாரா. ஒவ்வொருவருக்கும் ஒரு மழுப்பல் வைத்திருந்தேன். இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை. ஆம், அவர் வேறு நபர். இந்த ஓவியத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர் எந்த உரிமையும் கோர முடியாது. இதைத் தட்டும்போது ஓர் எழுத்துக்கூடப் பிழையாகவில்லை. இரண்டு இருபத்து மூன்றுக்கு அனுப்பினேன்.

இரண்டு இருபத்தெட்டுக்கு ஒற்றை வரி வந்தது. அனுமதிக்கப்பட்டது.

கோபிநாத் சார் 'அப்பாடா' என்று நாற்காலியில் விழுந்தார். புருஷோத்தமன் சார் பாதுஷாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவிடம், பெயரை மாத்தியாச்சு, உன் பேரு இல்லை என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விலாங்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், அவளுக்குப் பாம்பு மாதிரி எதுவும் ஆகாது. பின்னால் திருப்பினாள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். நூல் கண்டு லேபிளில் படித்துப் பழகியது. விரலை வைத்துப் படித்தாள்.

"ஏ... புள்ளி... அபி." நிமிர்ந்தாள். "உனக்கு எஸ்ஸு இல்ல? இது என்னா ஏ? தப்பா போட்டுட்டானா?"

"தப்பு இல்லம்மா. இனிஷியல்."

"யாரோடது?"

அம்மாவின் விரல் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது. வாய்க்குள் ஒரு முறை தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பது போல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எம்பேரு போடாதன்னு சொன்னேன் இல்ல?" என்றாள்.

"போடலியே. ஒரே ஒரு எழுத்துதான்."

அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

"அந்த எழுத்தக் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்" என்றாள்.